பை தரட்டுமா? கடைத்தெருவில் கற்கும் கொரிய மொழி



சியோல் நகரத்தில் ஒரு தெருமுனை. இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும் சின்னக் கடை. கொரியாவுக்கு வந்து சில வாரங்களே ஆன தமிழ் இளைஞர் ஒருவர் தண்ணீர் பாட்டிலும் நூடுல்ஸும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வருகிறார். தண்ணீருக்கு என்ன சொல், விலை கேட்க என்ன வாக்கியம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் பொருள் கையில் இருக்கிறது, விலை திரையில் தெரிகிறது. படித்து வைத்த சொல் எதற்கும் அங்கே வேலை வரவில்லை. கல்லாவில் நிற்கும் பெண்ணோ மூச்சுவிடாமல் மூன்று கேள்வி கேட்கிறார். ஒன்றும் பிடிபடாமல் இளைஞர் தலையாட்டுகிறார். வேண்டாத பை ஒன்று பில்லில் ஏறிவிடுகிறது.

கடைக்கான கொரிய மொழியைச் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் வாங்குபவருடைய வாய்க்குத்தான் பயிற்சி கொடுக்கின்றன. காய்கறிப் பெயர் இருபது, பழப் பெயர் இருபது, 'இது என்ன விலை?' என்ற ஒரு வாக்கியம், அத்துடன் பாடம் முடிந்துவிடும். உண்மையில் கடையில் பேச வேண்டியது கொஞ்சம். காதில் வாங்கிப் புரிந்துகொள்ள வேண்டியதுதான் அதிகம். கடைக்காரர் என்ன கேட்பார், எண்ணை எப்படிச் சொல்வார் என்ற இடத்திலிருந்து தொடங்கினால் தமிழருக்குக் கொரிய மொழி வெகு சீக்கிரம் கைக்கு வரும். அதற்குத் தமிழ் வாக்கிய அமைப்பே பெரிய துணை. இந்த உரை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

தமிழர்கள் இந்த மொழியைக் கற்பது வெறும் பொழுதுபோக்குக்காக அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் 2007-இல் வந்தது. அந்த ஆலைகளைச் சுற்றி எழுந்த உதிரிபாகத் தொழிற்சாலைகள், கொரியக் குடும்பங்கள், அவர்களுக்கான உணவகங்கள், மளிகைக் கடைகள் எல்லாம் சேர்ந்து சென்னையின் ஒரு பகுதிக்கே கொரிய முகம் கொடுத்திருக்கின்றன. இலங்கையின் கதை வேறு. கொரிய அரசு 2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் தொழிலாளர்களை அனுப்பும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதன் வழியே போகிறவர் மொழித் தேர்வில் தேற வேண்டும். தேர்வில் வாசிப்பும் உண்டு, கேட்டலும் உண்டு. கேட்டல் பகுதியில் கடை உரையாடல் வராமல் இருப்பது அரிது. தொடர் நாடகம் பார்த்து ஆசைப்பட்டுக் கற்கும் கல்லூரி மாணவிகளின் கூட்டம் தனி.

இவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே யாராவது ஒருவர் ஒரு பட்டியலை நீட்டிவிடுவார். அப்பாவுக்கு அங்கேயும் அப்பா, நாளுக்கு 'நால்', அம்மாவுக்கு 'ஒம்மா' என்று போகும் அந்தப் பட்டியல் கேட்க இனிக்கும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியல் இன்றுவரை ஏற்கவில்லை. அது எப்படியானாலும் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கிலோ வெங்காயம் வாங்க முடியாது. பயன்தரும் ஒற்றுமை இருப்பது தனிச்சொற்களில் அல்ல, சொற்கள் நிற்கும் வரிசையில்.

'ஸாக்வா ஸே கே ஜுசெயோ.' ஸாக்வா என்றால் ஆப்பிள். ஸே என்றால் மூன்று. கே என்பது எண்ணிக்கைச் சொல். ஜுசெயோ, கொடுங்கள். 'ஆப்பிள் மூணு கொடுங்க' என்று கோயம்பேட்டில் கேட்கும் அதே வரிசை. ஆங்கில வழியாகக் கற்பவர்கள் இந்த வரிசையைப் பழகவே மாதக்கணக்கில் திணறுகிறார்கள். தமிழர் யோசிக்கவே வேண்டாம். 'உயு இஸ்ஸொயோ?' என்றால் 'பால் இருக்கா?' இருந்தால் 'இஸ்ஸொயோ', இல்லாவிட்டால் 'ஒப்ஸொயோ'. இருப்பதற்கு ஒரு சொல், இல்லாததற்கு முற்றிலும் வேறு ஒரு சொல். நமக்கு 'இருக்கு', 'இல்லை' எப்படியோ அப்படி.

இன்னும் நெருக்கமான இடம் ஒன்று உண்டு. துணிக்கடையில் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு 'போட்டுப் பார்க்கலாமா?' என்கிறோம். கொரியர் 'இபொ ப்வாதோ த்வேயோ?' என்பார். இபொ, போட்டு. ப்வா, பார். த்வேயோ, சரியா, ஆகுமா. முயன்று பார்ப்பதைச் சொல்ல 'பார்' என்ற வினையைத் துணைக்கு அழைக்கும் பழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. 'மொகொ ப்வாதோ த்வேயோ?' என்றால் 'சாப்பிட்டுப் பார்க்கலாமா?' 'கொடு' என்பதும் இதேபோலத் துணைவினையாகிறது. 'காக்கா ஜுசெயோ', குறைத்துக் கொடுங்கள். 'போஜாங் ஹே ஜுசெயோ', பார்சல் பண்ணிக் கொடுங்கள். பார்சல் என்ற பெயரோடு 'பண்ணி' சேர்த்து, அதோடு 'கொடுங்கள்' சேர்க்கும் மூன்று கண்ணியும் அச்சாக அப்படியே இருக்கின்றன. ஆகவே கற்பவர் 'ஜுசெயோ'வைத் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாமல், தாம் தினமும் சொல்லும் 'எடுத்துக் கொடுங்க', 'கட்டிக் கொடுங்க', 'மாத்திக் கொடுங்க' எல்லாவற்றையும் அதில் கோத்துப் பழகலாம்.

சுட்டுச் சொற்களில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு படி கூடுதல் வசதி. கொரிய மொழியில் பேசுபவர் அருகில் இருப்பது 'இகொ', கேட்பவர் அருகில் இருப்பது 'குகொ', இருவருக்கும் தொலைவில் இருப்பது 'ஜொகொ'. தமிழ்நாட்டுப் பேச்சில் 'இது', 'அது' இரண்டோடு நின்றுவிட்டது. ஈழத்துப் பேச்சில் 'உது' இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைக்காரர் கைக்குப் பக்கத்தில் இருக்கும் மிளகாய்ப் பொட்டலத்தைக் காட்டி 'உதைத் தாங்கோ' என்று கேட்கத் தெரிந்தவருக்கு 'குகொ ஜுசெயோ' புதிது அல்ல.

வரிசை சுலபம். ஒலி அவ்வளவு சுலபம் இல்லை.

'ஸாயோ' என்றால் வாங்குகிறேன். 'ஸ்ஸாயோ' என்றால் மலிவு. முதல் ஒலியை மூச்சோடு மென்மையாகவும் இரண்டாவதைத் தொண்டையை இறுக்கி அழுத்தமாகவும் சொல்ல வேண்டும். 'ஸால்' என்றால் உடம்பின் சதை, 'ஸ்ஸால்' என்றால் அரிசி. அரிசி கேட்கப் போனவர் சதை கேட்டு நிற்கலாம். கடைக்காரர் எப்படியும் புரிந்துகொள்வார் என்பதால் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பூசான் உள்ள தென்கிழக்கில், கியொங்சாங் வட்டார வழக்கில், பழைய தலைமுறையினர் இந்த இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிப்பது கொரியர்கள் அனைவரும் அறிந்தது. உல்சான், சாங்வொன் என்று ஆலைகள் நிறைந்திருப்பதும் அந்தப் பக்கம்தான். அங்கே வேலைக்குப் போகிறவர் பாடநூலின் ஒலியை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

தமிழருக்கு வாய்த்த ஓர் ஒலியும் இருக்கிறது. உதட்டைக் குவிக்காமல் சொல்லும் ஓர் உகரம் கொரிய மொழியில் உண்டு. மேற்கத்திய மாணவர்கள் இதற்குத் திண்டாடுவார்கள். 'காசு', 'பாட்டு' என்று பேசும்போது கடைசியில் தானாக வந்து விழும் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட வந்துவிடும். கிரெடிட் கார்டுக்குக் கொரியர் சொல்லும் சொல் தமிழ்க் காதுக்கு 'காது' என்றே கேட்கும், ககரத்தில் கொஞ்சம் மூச்சு கூடும், அவ்வளவுதான். 'காதுரோ ஹால்கேயோ' என்றால் 'கார்டில் தருகிறேன்'.

ஒலியைத் தமிழ் எழுத்தில் இப்படி எழுதிக் காட்டுவது மேடைக்கும் அச்சுக்கும்தான் சரி. கற்பவர் முதல் வாரத்திலேயே ஹங்குல் எழுத்துக்குப் போய்விட வேண்டும். மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட அந்த எழுத்து முறையில் அடிப்படை மெய் 14, அடிப்படை உயிர் 10. உயிரும் மெய்யும் கூடி ஓர் அசைக் கட்டமாக நிற்கும் முறை உயிர்மெய் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. எழுத்து தெரிந்துவிட்டால் தெரு முழுவதும் பாடநூலாகிவிடும்.

தெருப் பெயர்ப்பலகைகளைப் படிக்க ஆறேழு ஈறுகள் போதும். 'ஜிப்' என்றால் வீடு. ரொட்டிக் கடை பாங்ஜிப், பூக்கடை கொத்ஜிப், அரிசிப் பலகாரம் விற்பது தொக்ஜிப், மது விற்பது ஸுல்ஜிப். வீட்டுத் திண்ணையில் தொடங்கிய பழைய வியாபாரங்களுக்கு இந்த ஈறு பொருத்தமாகவே இருக்கிறது. 'ஜொம்' சீன மூலத்திலிருந்து வந்தது, கொஞ்சம் முறையான தொனி. புத்தகக் கடை ஸொஜொம், இறைச்சிக் கடை ஜொங்யுக்ஜொம், இரும்புச் சாமான் கடை சொல்முல்ஜொம், பெரிய பல்பொருள் அங்காடி பேக்வாஜொம். 'குக்' என்று முடிபவை மருந்துக் கடை யாக்குக்கும் அஞ்சலகம் உசேகுக்கும். முடி திருத்தும் இடம் மியோங்ஷில், சலவைக் கடை ஸெதாக்ஸோ. பொதுவாகக் கடைக்கு 'காகே' என்று பெயர். காய்கறி, துணி, செருப்பு எது வேண்டுமானாலும் அதன் முன்னால் சேரும். ஒரு ஆள் நுழைந்தால் நிறைந்துவிடும் பெட்டிக்கடைக்குக் 'குமொங்காகே', அதாவது பொந்துக்கடை. இப்போது அவை அருகிவிட்டன. அந்த இடத்தைப் பிடித்தது 'பியொனிஜொம்' என்ற 24 மணி நேரக் கடை. முதல் கடை 1989-இல் சியோலில் ஒலிம்பிக் வீரர் குடியிருப்புப் பக்கம் திறந்தது. இன்று நாடு முழுவதும் 50,000-ஐத் தாண்டிவிட்டது.

கதவில் தொங்கும் 'ஹ்யுமு' என்ற சொல்லையும் பலகைச் சொற்களோடு சேர்த்துக்கொள்ளலாம். விடுமுறை என்று பொருள். சிறு வியாபாரிகளைக் காப்பாற்றுவதற்காக 2012 முதல் பெரிய மார்ட்டுகள் மாதத்தில் இரண்டு நாள் கட்டாயமாக மூட வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெரும்பாலும் அது ஞாயிற்றுக்கிழமையில் விழும். ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வு கிடைப்பதும் ஞாயிறுதான்.

இனி எண்கள். கடைக் கொரிய மொழியில் கற்பவரை உண்மையாகவே வாட்டும் பகுதி இது ஒன்றுதான். அதனால் இங்கே நேரம் செலவழிப்பது தகும்.

கொரிய மொழியில் எண்கள் இரண்டு வரிசை. நாட்டு வழக்கு ஒன்று: ஹானா, தூல், ஸெத், நெத், தாஸொத். சீன மூலத்து வழக்கு இன்னொன்று: இல், இ, ஸாம், ஸா, ஓ. பொருளை எண்ணுவது முதல் வரிசையில், பணத்தை எண்ணுவது இரண்டாம் வரிசையில். 'இரண்டு ஆப்பிள் ஐந்தாயிரம்' என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு வரிசையும் வந்துவிடும். ஆப்பிளுக்குத் 'தூ', பணத்துக்கு 'ஓ'. எண்ணிக்கைச் சொல்லுக்கு முன்னால் ஹானா 'ஹான்' ஆகும், தூல் 'தூ' ஆகும், ஸெத் 'ஸே' ஆகும், நெத் 'நே' ஆகும். 'ஆமாம்' என்பதற்கும் 'நே' தான். தொடக்கத்தில் இது குழப்பும்.

அடுத்து எண்ணிக்கைச் சொற்கள். எதற்கும் 'கே' போட்டுச் சமாளிக்கலாம், கடைக்காரர் கோபிக்க மாட்டார். ஆனால் சந்தையில் காதில் விழுவது வேறு. பாட்டிலுக்குப் பியொங், மீனுக்கும் கோழிக்கும் மாரி, புத்தகத்துக்குக் க்வொன், காகிதத்துக்கும் டிக்கெட்டுக்கும் ஜாங், செருப்பு ஜோடிக்குக் க்யொல்லே, ஓர் உடுப்புத் தொகுதிக்குப் பொல், முட்டைக்கோசுக்குப் போகி, கீரைக் கட்டுக்குத் தான். முட்டை 'ஹான் பான்' என்றால் முப்பது முட்டை அடங்கிய ஒரு தட்டு. உப்பிட்ட கானாங்கெளுத்தி 'ஹான் ஸோன்' என்றால் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு மீன். உலர்ந்த கடற்பாசித் தாள் 'ஹான் தோத்' என்றால் நூறு தாள். பூண்டு 'ஹான் ஜொப்' என்றால் நூறு பூண்டு. இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் குடும்பமே சேர்ந்து குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடும் நாட்களில் 'எத்தனை போகி போட்டீர்கள்?' என்பதே அக்கம்பக்கத்துப் பேச்சாக இருக்கும். அந்தக் கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

இறைச்சிக் கடையில் 'குன்' என்று ஓர் அளவு கேட்கும். சட்டப்படியான அளவு கிராமும் கிலோவும்தான், விலைப்பட்டியலும் நூறு கிராமுக்கு இவ்வளவு என்றே இருக்கும். ஆனாலும் பேச்சில் 'ஹான் குன்' போகவில்லை. இறைச்சியில் அது 600 கிராம். காய்கறியில் அதே சொல் 400 கிராம். ஒரே சொல்லுக்கு இரண்டு எடை என்பதை அறியாதவர் தம்மைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்.

பணத்துக்கு வருவோம். நாணயம் வொன். நீலத் தாள் 1,000, சிவந்த தாள் 5,000, பச்சைத் தாள் 10,000, மஞ்சள் தாள் 50,000. பச்சைத் தாளில் இருப்பவர் எழுத்து தந்த மன்னர் செஜோங். 2009-இல் வந்த மஞ்சள் தாளில் இருப்பவர் ஓவியர் ஷின் ஸாஇம்தாங். 5,000 தாளில் இருக்கும் அறிஞர் இ இ அவருடைய மகன். தாயும் மகனும் ஒரே நாட்டின் பணத்தாள்களில் இருப்பது அபூர்வம்.

தாளை அடையாளம் காண்பது எளிது. தொகையைக் காதில் பிடிப்பதுதான் கடினம். காரணம், கொரியர் ஆயிரங்களாக அல்ல, பத்தாயிரங்களாக அடுக்குகிறார்கள். பத்தாயிரம் 'மான்'. அதற்குமேல் எல்லாம் எத்தனை மான் என்ற கணக்குத்தான். 38,000 'ஸாம்மான் பால்சொன்', அதாவது மூன்று மான், எட்டு ஆயிரம். நம்முடைய ஒரு லட்சம் அங்கே பத்து மான், ஷிம்மான். பத்து லட்சம் நூறு மான், பேங்மான். கோடி என்பது ஆயிரம் மான், சொன்மான். லட்சம், கோடி என்று பழகியவர் ஒவ்வொரு தொகையையும் மனதுக்குள் உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது. உடைத்துக் கட்டுவதற்குள் பின்னால் வரிசையில் நிற்பவர் செருமுவார். ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, சாப்பாடு ஒரு மான், சட்டை மூன்று மான், நல்ல செருப்பு பத்து மான் என்று பொருளோடு ஒட்டி நினைவில் வைப்பவருக்கே இது சீக்கிரம் பழகும். அறை வாடகைப் பேச்சிலும் சம்பளப் பேச்சிலும் இதே மான்தான் வரும்.

இப்போது கல்லாவில் நிற்கும் பெண்ணின் கேள்விகளை மெதுவாகக் கேட்கலாம். 'போங்த்து துரில்காயோ?' போங்த்து பை. துரில்காயோ என்பது 'தரட்டுமா?' அதே அச்சில் 'யொங்சுஜுங் துரில்காயோ?', ரசீது தரட்டுமா? வேண்டுமானால் 'நே, ஜுசெயோ'. வேண்டாவிட்டால் 'குவென்சானாயோ'. இதன் நேர்ப்பொருள் 'பரவாயில்லை' என்பது. நாம் 'இன்னொரு தோசை வைக்கட்டுமா?' என்றால் 'பரவாயில்லை' என்று மறுப்பதுபோல, அங்கேயும் அது மறுப்பு. பணம் தரும் நேரத்தில் 'ஜொங்னிப்' என்ற சொல் விழுந்தால் பாயின்ட் சேர்ப்பதைக் கேட்கிறார். தொகை 50,000-ஐ எட்டி, கார்டை நீட்டினால் 'ஹால்பு' என்றோ 'இல்ஸிபுல்' என்றோ கேட்பார். முன்னது தவணை, பின்னது ஒரே தடவையில் கட்டுவது. தெரியாமல் தலையாட்டினால் வேண்டாத ஒரு பையின் அளவில் இழப்பு நிற்காது.

பை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் நாட்டின் குப்பைச் சட்டமே இருக்கிறது. 1995 முதல் கொரியாவில் வீட்டுக் குப்பையை அரசு அனுமதித்த பையில் மட்டுமே போட முடியும். பையின் அளவுக்கு ஏற்ற காசு, அதுவே குப்பை வரி. அந்தப் பைக்கு 'ஜொங்னியாங்ஜே போங்த்து' என்று பெயர். ஒரு வட்டாரத்தின் பை அந்த வட்டாரத்துக்கே உரியது. 2019-இல் பெரிய மார்ட்டுகளில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, கல்லாவில் இந்தக் குப்பைப் பையையே வாங்கி அதில் மளிகையைப் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் சாமான் காலியானதும் அதே பை குப்பைக்குப் போகும். குப்பைப் பையா என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை, இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது.

கல்லாவில் இன்னொரு வாக்கியம் பலரைத் திகைக்க வைக்கும். 'ஹானா தொ காஜியொ ஓசெயோ.' இன்னொன்று எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு பழச்சாறு மட்டும் எடுத்து வந்தவர் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று பதறுவார். தவறு ஒன்றும் இல்லை. அலமாரியில் 'வொன் புல்லொஸு வொன்' என்று ஒட்டியிருப்பதை அவர் கவனிக்கவில்லை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். தம் பங்கை விட்டுவிட்டுப் போகிறாரே என்று கல்லாப் பெண் நினைவூட்டுகிறார்.

பெரிய கடைகளில் மரியாதைச் சொல் சில நேரம் எல்லை மீறிவிடுகிறது. வாடிக்கையாளரை உயர்த்திப் பேச வேண்டும் என்ற பயிற்சியில், பொருளுக்கே மரியாதை விகுதி சேர்த்துவிடுகிறார்கள். 'அந்த அளவு இல்லீங்க' என்பதற்குப் பதிலாக அளவு என்ற பொருளே பெரிய மனிதர் ஆகிவிடுகிறது, 'காபி வந்திருக்காங்க' என்று நாம் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி. இது பிழை என்று தேசியக் கொரிய மொழி நிறுவனமே சுட்டிக்காட்டியும் வழக்கு ஓயவில்லை. கடையில் கேட்டதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகும் மாணவர் இதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பேரம் பேச வேண்டுமானால் சந்தைக்குத்தான் போக வேண்டும். சியோலின் க்வாங்ஜாங் சந்தை 1905-இல் தொடங்கிய நிரந்தரச் சந்தை. பூசானின் ஜாகால்ச்சி மீனுக்குப் பேர்பெற்றது. இவற்றைவிட மொழி கற்பவருக்கு ஏற்றது ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் பழைய பாணிச் சந்தை. சியோலை ஒட்டிய சொங்நாமில் மொரான் சந்தை 4, 9 என்று முடியும் தேதிகளில் கூடும். 4-ஆம் தேதி தவறினால் 9, அதுவும் தவறினால் 14. சந்தை நாளுக்கு 'ஜாங்நால்' என்று பெயர். வீட்டுக்குச் சாமான் வாங்கப் போவதை 'ஜாங் பொதா', சந்தை பார்ப்பது, என்பார்கள்.

அங்கே 'காக்கா ஜுசெயோ' என்று விலையைக் குறைக்கக் கேட்கலாம். பழத்தின் தோலைச் சீவுவதற்கும் முடி வெட்டுவதற்கும் வரும் அதே வினைதான் இதற்கும். சாப்பாட்டுக் கடையிலும் விலைச்சீட்டு ஒட்டிய பொருளிலும் கேட்கக் கூடாது. இரண்டு மூன்று பொருள் சேர்த்து வாங்கி, ரொக்கமாகக் கொடுக்கும்போது கேட்பது நாகரிகம். குறைக்க மனமில்லாத வியாபாரி இரண்டு பழம் கூடுதலாக அள்ளிப் போடுவார். அதற்குப் பெயர் 'தொம்'. தமிழில் விளக்கமே தேவையில்லை, அது கொசுறு. உணவகத்தில் கேட்காமலே ஒரு தட்டு வந்து 'ஸொபிஸு' என்று சொன்னால், அதுவும் கொசுறுதான், காசு கிடையாது.

கடைக்காரரை எப்படி அழைப்பது? இதில் தமிழர் தம் உறவுமுறை அறிவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் நடுவயதுப் பெண்ணை 'இமோ' என்று அழைப்பார்கள். இமோ என்றால் அம்மாவின் சகோதரி, நமக்குச் சித்தி, பெரியம்மா. அப்பாவின் சகோதரிக்கு 'கோமோ' என்று தனிச்சொல் உண்டு, ஆனால் எந்தக் கடைக்காரரையும் யாரும் கோமோ என்று அழைப்பதில்லை. தாய்வழி உறவில்தான் வாஞ்சை அதிகம் என்பது அங்கேயும் நிலைத்த எண்ணம் போலும். துணிக்கடைப் பெண் தன்னைவிட இளைய வாடிக்கையாளரைக்கூட 'ஒன்னி', அக்கா, என்பார். 'ஆஜும்மா' என்ற சொல்லை அகராதியில் பார்த்துவிட்டுப் பயன்படுத்தினால் முகம் வாடும். யாராக இருந்தாலும் பொருந்தும் சொல் 'ஸாஜாங்நிம்', முதலாளி. பெயரோ முறையோ தெரியாவிட்டால் 'ஜொகியோ', ஏங்க, போதும். வாங்கி முடித்துக் கிளம்பும்போது 'மானி பாசெயோ', நிறைய விற்கட்டும், என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறவரைச் சந்தைப் பாட்டிகள் மறப்பதில்லை. பாடநூல்கள் இந்த வாக்கியத்துக்கு இன்னும் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

துணிக்கடையில் வினைச்சொற்கள் பிரியும். சட்டைக்கு 'இப்தா', செருப்புக்கும் காலுறைக்கும் 'ஷின்தா', தொப்பிக்கும் கண்ணாடிக்கும் 'ஸ்ஸுதா', மோதிரத்துக்குக் 'கிதா'. நாம் கடிகாரம் கட்டுகிறோம், கண்ணாடி போடுகிறோம், சேலை உடுத்துகிறோம் என்பதால் இந்தப் பிரிவினை புரியாமல் போகாது. செருப்பின் அளவு மில்லிமீட்டரில் இருக்கும், 260 என்றால் 'இபேக் யுக்ஷிப்'. பெண்கள் உடுப்பில் 44, 55, 66 என்ற பழைய எண்கள் இன்னும் புழங்குகின்றன. உயரம் 155 சென்டிமீட்டர், மார்பளவு 85 சென்டிமீட்டர் என்ற சராசரிப் பெண்ணின் கடைசி இலக்கங்கள் இரண்டையும் சேர்த்ததே 55. கிலோவோ அங்குலமோ அல்ல. சும்மா பார்க்க வந்தவர் 'குன்யாங் போனுன் கொயேயோ' என்று சொல்லிவிட்டால் விற்பனைப் பெண் பின்னாலேயே வருவதை நிறுத்திக்கொள்வார்.

இணையக் கடையில் காதுக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான். 'ஜாங்பாகுனி' என்றால் கூடை. 'பும்ஜொல்' என்றால் தீர்ந்துவிட்டது. 'பேஸொங்' அனுப்புதல், 'தேக்பே' கூரியர் பொட்டலம். திருப்பி அனுப்புவது 'பான்பும்', மாற்றுவது 'க்யோஹ்வான்', பணத்தைத் திரும்பப் பெறுவது 'ஹ்வான்புல்'. இணையத்தில் வாங்கிய பொருளைப் பொதுவாக ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. விற்பவர் பக்கத்தில் சிறு எழுத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் இந்த மூன்று சொற்கள் தெரிந்தவர் தம் உரிமையை எழுதிக் கேட்க முடியும்.

இவ்வளவையும் எப்படிப் பழகுவது? வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து கடை நாடகம் போடுவது எல்லா ஊரிலும் உண்டு. அதில் ஒரு மாற்றம் செய்தால் பலன் கூடும். வாங்குபவராக நடிப்பவருக்கு வசனமே கொடுக்கக் கூடாது. கடைக்காரராக நடிப்பவரிடம் மட்டும் துண்டுச் சீட்டு இருக்கட்டும். அதில் பை, ரசீது, பாயின்ட், தவணை, 'இன்னொன்று எடுத்து வாருங்கள்', 'அந்த நிறம் இல்லை' என்று எதிர்பாராத கேள்விகளை எழுதி, வேண்டிய வரிசையில் வேகமாகக் கேட்கட்டும். எண்களுக்கு மார்ட் விளம்பரத் தாள்கள் போதும். அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருவர் தாளைப் பார்த்து விலையை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் தாளைப் பார்க்காமல் இலக்கத்தில் எழுத வேண்டும். பன்றி இறைச்சி நூறு கிராம் 2,480, முட்டை ஒரு தட்டு 7,900, ஒரு பெட்டி ஆரஞ்சு 14,900. கடைசியில் இருப்பது 'மான் ஸாசொன் கூபேக் வொன்'. முதல் நாள் பத்து விலையில் பாதிகூடத் தேறாது. அடுத்த தாளில் ஒரு லட்சத்தைத் தாண்டும் மின்சாதன விலைகளை எடுத்துக்கொள்ளலாம்.